மூணு பேசினுக்கும் முழு மார்க்

மூணில் எது என்று கூட்டத்தில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் ஒண்ணுக்குப் போயாக வேண்டும். இதில் எது முந்தும் என்று தெரியாமல்தான் தனுஷ்கோடி ஞாயிற்றுக்கிழமை காலையில், சங்கத்துக் கல்யாண மண்டபத்தின் பின்பக்க நடையில், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஓடுகிற மாதிரி தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தார். எல்லாம் அந்தப் பிரஷர் மாத்திரை பண்ணுகிற கூத்து. உடம்பில் இருக்கிற உபரித் தண்ணியை வெளியே தள்ளிரும் சார், பிரஷர் தானா இறங்கிரும் என்று டாக்டர் சொன்னபோது நல்லதாகத்தான் பட்டது. எப்போது தள்ளும், தள்ளுகிற நேரத்தில் மனுஷன் எங்கே நிற்பான் என்பதை எல்லாம் அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கேட்கிற ஆளா இவர்? குடிநீர் வாரியத்தில் குமாஸ்தாவாக ஒரு ஆயுசு உட்கார்ந்து, தண்ணி எப்போ வரும் என்று வந்து நின்றவர்களுக்கெல்லாம் வரும் வரும் என்று தலையை ஆட்டியதைத் தவிர எதையும் திட்டமாகச் சொல்லிப் பழக்கமே இல்லை. அப்பேர்ப்பட்ட மனுஷனைப் பிடித்து, தண்ணியே வேண்டாத யூரினல் பேசினில் எது நல்ல பேசின் என்று நீ சொல்லு என்று சங்கம் உட்கார்த்தி வைத்துவிட்டது. அதைக் கேட்டு பவுன்தாய் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பெண்டாட்டியா அவள்! "வேலையில இருந்த வரைக்கும் ஊருக்குத் தண்ணி விடல. இப்ப கக்கூசுக்கும் விடக் கூடாதுன்னு கிளம்பிட்டீகளாக்கும்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போயும் சிரித்தாள். பால் பொங்கி வழிந்தது, அதற்கும் இவரைத்தான் சொன்னாள்.

சிரிக்கட்டும். ஆவணி முகூர்த்தத்தில் பட்ட பாடு அவளுக்கும் தெரியும். இரண்டாம் பந்தி பாதியில் போர் வற்றிப்போய், மோட்டார் வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டு கத்த, ரசஞ்சோறு பிசைந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சனம் நடை நெடுக நின்றது. மாப்பிள்ளையின் தாய்மாமன் சோடாவை உடைத்துக் கை கழுவினார். லாரித் தண்ணி வந்து சேர்வதற்குள் சோறு கையிலேயே காய்ந்துவிட்டது. சங்கத் தலைவர் வீரபுத்திரன் அண்ணாச்சிக்கு அன்றைக்கு முகம் செத்துப்போனது. இம்புட்டுத் தண்ணியும் எங்கேதான் போகுது என்று பார்த்தால், சமையலுக்கு ஆனதைவிட ஆம்பளைகள் பக்கம் பேசினில் ஓடினது அதிகமாம். திறந்தவன் எவனும் குழாயை மூடவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் மதுரையில் இருந்து ஷெர்லின் என்று ஒரு பிள்ளை வந்தது, தண்ணியில்லா யூரினல் விற்கிற பிள்ளை. கமிட்டி கூடுவது எப்போதும் மாடியில் மணப்பெண் அறையில்தான். மண்டபத்தில் ஏசி இருக்கிற அறை அது ஒன்றுதான். கண்ணாடி பூராவும் வந்துபோன கல்யாணப் பெண்கள் ஒட்டிவிட்டுப்போன ஸ்டிக்கர் பொட்டு. அந்தக் கண்ணாடி முன்னால் நின்று, பீங்கான் பேசினை இடுப்புப் பிள்ளை மாதிரி தூக்கி வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை பேசிய பேச்சில் கமிட்டி வெலவெலத்துப்போனது. "ஒரு தடவை போனா சராசரியா எவ்வளவு நேரம் ஆகும் சார்?" என்று வீரபுத்திரன் அண்ணாச்சியைப் பார்த்தே கேட்டுவிட்டது. அண்ணாச்சி ஃபேனைப் பார்த்தார். எல்லாரும் ஃபேனைப் பார்த்தார்கள். ஃபேன் ஓடவும் இல்லை. அதுபாட்டுக்கு மூணு ரகத்தையும் விளக்கியது. ஒன்றில் கீழே ஒரு டப்பா, அதில் எண்ணெய் மாதிரி ஏதோ மிதக்கும், ஒண்ணுக்கு அதற்கு அடியில் இறங்கிப்போகும், நாற்றம் எண்ணெயைத் தாண்டி மேலே வராது. இன்னொன்றில் ரப்பர் நாக்கு, ஈரம் பட்டால் திறந்து உடனே மூடிக்கொள்ளும். மூணாவதில் ஒரு பந்து, தூக்கி வழிவிட்டுத் திரும்ப உட்கார்ந்துகொள்ளும். "ஒரே ஒரு கண்டிஷன் சார். யாரும் தண்ணி மட்டும் ஊத்திரக் கூடாது. துணி வச்சுத் துடைச்சாப் போதும். ஊத்துனீங்கன்னா எண்ணெய் அடிச்சிட்டுப் போயிரும், அப்புறம் நாறுச்சுன்னா என்னையச் சொல்லக் கூடாது." மூணையும் இனாமாகவே மாட்டித் தருகிறோம், பழசு ஆறும் பக்கத்தில் அப்படியே இருக்கட்டும், ஐப்பசி முகூர்த்தம் பூரா ஓட்டிப் பார்த்து நாறாததை வாங்கிக்கோங்க என்றது. யார் பார்ப்பது என்று கேள்வி வந்ததும் அத்தனை பேரும் ஃபேனில் இருந்து இறங்கி இவரைப் பார்த்தார்கள். "நம்ம தனுஷ்கோடிதானப்பா தண்ணி போர்டுல இருந்தவரு." இவர் தலையை ஆட்டிவிட்டார். வேறு என்ன தெரியும் இந்தத் தலைக்கு?

பயம் அன்றைக்கே வந்துவிட்டது. பேசினைப் பார்த்து இல்லை, அருஞ்சுனையைப் பார்த்து. மூலையில் வெற்றிலையை மென்றுகொண்டு ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். இந்த ஊரில் அப்பன் ஆத்தாள் வைக்கிற பேர் பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கார்டுக்கும்தான். மனுஷனோடு சுடுகாடு வரைக்கும் வருகிற பேர் அருஞ்சுனை வைக்கிற பேர். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மில்காரர் ஒருத்தர், பாவம், ஏதோ ஒரு கல்யாணத்தில் ருசியாக இருக்கிறதே என்று மூணாவது வடை கேட்டார். அருஞ்சுனை எதிர்ப்பந்தியில் இருந்து நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். மறுநாளில் இருந்து அவர் மூணு வடை. அவர் மகள் கல்யாணத்துக்கு பஸ் ஸ்டாண்டில் கட்டின பேனரிலேயே 'மூணு வடை இல்லத் திருமண விழா' என்றுதான் போட்டிருந்தது, போடாவிட்டால் யார் வீட்டுக் கல்யாணம் என்று ஊருக்குத் தெரியாதாம். ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், கல்யாண வீட்டில் தன் குடையை விட்டுவிட்டு இன்னொருத்தர் குடையை எடுத்துக்கொண்டு போனார், அதுவும் மழை பெய்கிற அவசரத்தில். அவர் பேரன் இன்றைக்கு அமெரிக்காவில் இருக்கிறான், 'குடை மாத்தி பேரன் அமெரிக்காவுல இருக்கானாம்லா' என்றுதான் பேச்சு. கோபப்பட்டால் பேர் இன்னும் கெட்டியாக ஒட்டும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தனுஷ்கோடிக்கு இந்த வயது வரைக்கும் பேர் விழவில்லை. சாமர்த்தியம் எல்லாம் இல்லை, வாயைத் திறந்தால்தானே பேர் விழும். தலையை ஆட்டுகிறவனுக்கு என்ன பேர் வைக்க முடியும்? இப்படியே வண்டியை ஓட்டிவிடலாம் என்று இருந்தவர்தான். அதிலும் வருகிற தை மாசம் மகள் பிரதீபாவுக்கு இதே மண்டபத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூர், மூச்சு விட்டாலும் 'ங்க' போட்டு விடுகிற சனம். அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்து பேனரைப் பார்க்கிற நேரம் அதில் இவர் பேருக்கு முன்னால் என்ன இருக்கும்? அதை நினைத்தால் பிரஷர் மாத்திரைக்கே பிரஷர் வந்துவிடும்.

ஆனால் ஒன்று, ஒப்புக்கொண்ட வேலையை மனுஷன் ஒழுங்காகத்தான் செய்தார். ஐப்பசி முகூர்த்தம் ஒவ்வொன்றுக்கும் போய், கூட்டம் வடிந்தபிறகு ஆம்பளைகள் பக்கம் நுழைந்து, கடைசி மூணு பேசின் முன்னாலும் ஒவ்வொன்றாகக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை நன்றாக உள்ளே இழுத்து மோந்து பார்த்தார். "கல்யாண வீட்டுக்குப் போற மனுஷன் பாயசத்தை மோந்து பாப்பான். நீங்க எதைய்யா மோந்து பாக்குறீக?" என்று பவுன்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். நாற்றம் என்றால் மருந்துக்கும் இல்லை. எண்ணெயிலும் இல்லை, நாக்கிலும் இல்லை, பந்திலும் இல்லை. கூட்டத்தில் அதைச் சொன்னபோது வீரபுத்திரன் அண்ணாச்சி முதுகில் தட்டிக்கொடுத்தார். தட்டின தட்டில் உள்ளே எதுவோ கழன்றுகொண்டது போல. தனுஷ்கோடி பேச ஆரம்பித்துவிட்டார். பீங்கானின் வழவழப்பைப் பற்றிப் பேசினார், எண்ணெயின் மகிமையைப் பற்றிப் பேசினார், வருங்காலத்தில் உலகம் பூராவும் இதுதான் என்றார். சனம் கேட்டது! பந்தல்காரனை மாற்றலாமா வேண்டாமா என்று இவரிடம் யோசனை கேட்டார்கள். வீட்டில் இத்தனை வருஷத்தில் என்ன குழம்பு வைக்கட்டும் என்று ஒருத்தி கேட்டதில்லை. கிறுகிறுத்துத்தான் போனார், சொன்னால் என்ன. மூணும் நூற்றுக்கு நூறு என்றால் மூணில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது ஒன்றுதான் குழப்பம். ஒரு வாத்தியாருக்கு முன்னால் மூணு பிள்ளைகள் ஒரே மார்க் வாங்கினால் வாத்தியாருக்குச் சந்தேகம் வர வேண்டாமா? இவருக்கு வரவில்லை. பெருமைதான் வந்தது. அண்ணாச்சி அதற்கு மேலே ஒரு படி போய், நேற்று நல்ல நேரம் பார்த்துப் பழைய பேசின் ஆறையும் பேர்த்தெடுத்துவிட்டார். "இன்னைக்கு மூணுல ஒண்ணைக் கையைக் காட்டு தனுஷ்கோடி, தைக்கு முன்னாடி ஒம்போதையும் மாட்டிப்பிடலாம். உன் மக கல்யாணத்துக்குத்தான் முதல் போணி."

போணி என்ன போணி, இப்போது உயிர் போகிறது. கதவைத் தள்ளினால் உள்ளே சிமெண்டு வாடை. கதவு வைத்த தனி அறைகள் இரண்டிலும் டைல்ஸ் ஒட்டி, ஈரம் காயாமல், குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். அடப் பாவிகளா. தனுஷ்கோடிக்குத் தனி அறைதான் ஆகும். பக்கத்தில் ஒரு ஆள் வந்து நின்றால் போதும், இங்கே மோட்டார் நின்றுவிடும். சின்ன வயதில் தியேட்டர் இடைவேளையில், பின்னால் வரிசையில் நின்றவன் 'அண்ணே, சீக்கிரம்' என்று ஒரு வார்த்தை சொன்னான். அன்றைக்கு நின்றது நின்றதுதான். அதற்கப்புறம் கல்யாண வீடு, ஆபீசு, பஸ் ஸ்டாண்டு எங்கே போனாலும் கதவும் தாழ்ப்பாளும் தேடுகிற பிழைப்பாகிவிட்டது. நல்லவேளை இன்றைக்கு ஈ காக்கை இல்லை. பழைய ஆறு இருந்த இடத்தில் சுவரில் ஆறு ஓட்டை. மிச்சம் அந்த மூணுதான், மேலே இவர் சொந்தக் கையால் பெயிண்டில் எழுதின 'தண்ணீர் ஊற்றாதீர்'. இத்தனை நாள் மோந்து பார்த்தோமே ஒழிய ஒரு நாளாவது போனோமா, இன்றைக்குக் கூடிவந்திருக்கிறது என்று எண்ணெய்ப் பேசின் முன்னால் போய் நின்று, வேட்டியை ஒதுக்கி, எல்லாம் தயார் என்கிற நிலையில் கண் சும்மா இருக்காமல் பேசினின் நெற்றியைப் பார்த்தது. சந்தனத்தில் மூணு விரல் பட்டை. நடுவில் குங்குமம். கை அப்படியே நின்றுவிட்டது. கை மட்டுமா? எல்லாமே நின்றுவிட்டது.

ஆயுத பூசை. அடடா, ஆயுத பூசை! பேசின் மாட்டின மறுநாள். மண்டபத்தில் இருக்கிற சாமான் ஒன்று விடாமல் பொட்டு வைப்பது சங்கத்து வழக்கம்: ஜெனரேட்டர், கிரைண்டர், இட்லிக் கொப்பரை, மைக் செட், மாப்பிள்ளை பெண் உட்காருகிற நாற்காலி, குப்பை வண்டி. அண்ணாச்சி பொட்டு வைத்துக்கொண்டே வர, தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தது சாட்சாத் இவர்தான். கழிவறை வாசலில் அண்ணாச்சி ஒரு நொடி நின்றார். "புதுசா மூணு வந்திருக்குல்லப்பா. அதுவும் ஒரு கருவிதான?" என்றார். கருவிதான், யார் இல்லை என்றார்கள். 'இன்னும் கொஞ்சம் நடுவுல வைங்க அண்ணாச்சி, எடுப்பா இருக்கும்' என்று சொன்னது எந்த வாய்? இந்த வாய்தான். ஆளுக்கொரு துண்டு பூவையும் வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு அல்லவா வந்தார்கள் இரண்டு பேரும். சரி, வைத்தது வைத்தாயிற்று, இத்தனை நாள் அது எப்படி அழியாமல் இருக்கும்? ஏன் அழியும்? தண்ணி ஊற்றினால்தானே அழியும், ஊற்றக் கூடாது என்று எழுதிப் போட்டவர் யார்? துடைக்க வருகிற அந்தோணியம்மா பொட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்துவிட்டுப் போயிருக்கிறது, வட்டமாகத் தெரிகிறதே. இவரும் பார்க்காமலா இருந்தார்? ஒவ்வொரு தடவையும் பார்த்தார். பொட்டு இல்லாத சாமானைப் பார்த்தால்தான் இந்த ஊர்க்காரன் கண்ணுக்கு உறுத்தும், இருக்கிறது எப்படி உறுத்தும்?

சீச்சீ, என்ன இது, படித்த மனுஷன். வெள்ளிக்கிழமை முட்டை தின்கிறவன். ராகுகாலத்தில் வீட்டு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்தவன். இது பீங்கான், அது வெறும் சந்தனம், போ என்று மனசு சொல்கிறது; உடம்பு கேட்டால்தானே. முட்டுகிறது, வரமாட்டேன் என்கிறது. கண்ணை மூடிப் பார்த்தார், மூடின கண்ணுக்குள்ளும் பொட்டு நின்றது. ரப்பர் நாக்குக்கு நகர்ந்தார், அங்கேயும் பொட்டு. பந்துக்கு நகர்ந்தார், அங்கே பொட்டோடு ஒரு வாடின செண்டுப்பூ, கூட யாரோ போட்ட ஒத்தை ரூபாய். அந்த ரூபாயைப் பார்த்ததும்தான் மண்டையில் உறைத்தது. அதைப் போன முகூர்த்தத்திலேயே பார்த்திருக்கிறார். எவன் பையில் இருந்தோ விழுந்தது என்று நினைத்தார். பேசினுக்குள் எவனாவது காசை விழவிட்டுவிட்டுப் போவானா? காணிக்கை! முந்தின கல்யாணத்தில் போட்டோக்காரன் கேமராப் பையை நடுப் பேசின் மேல் சாய்த்து வைத்து பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தான், மேளக்காரர் இங்கே துண்டைக் காயப்போட்டிருந்தார், பழைய ஆறுக்கு முன்னால் மட்டும் ரேஷன் கடை மாதிரி கூட்டம் நின்றது, எல்லாத்தையும் இந்தக் கண்ணால்தானே பார்த்தது? எனக்கே வரவில்லை என்றால் எவனுக்கு வந்திருக்கும்? ஒருத்தனும் போகவில்லை. ஐப்பசி பூராவும் ஒருத்தன், ஒரே ஒருத்தன் கூடப் போகவில்லை. பரீட்சையே எழுதாத மூணு பிள்ளைகளுக்கு நூற்றுக்கு நூறு போட்டு, அதை மைக் வைக்காத குறையாக ஊருக்குச் சொல்லி, பழசு ஆறையும் பேர்க்க வைத்து... அய்யய்யோ. இப்போது மாடிக்குப் போய் எண்ணெய்தான் நல்லது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஒருவேளை நிஜமாகவே நல்லதாகக்கூட இருக்கலாம், யார் கண்டது? இல்லாமலும் இருக்கலாம். தை மாசம், முகூர்த்தம், ஒம்போது பேசின், கோயம்புத்தூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு 'ஏனுங்க சம்பந்தி, இப்படித்தானுங்களா?' என்று கேட்டால் பிரதீபா முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளும்? சரி, உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் அருஞ்சுனை வெற்றிலையை ஒரு கன்னத்தில் இருந்து மறு கன்னத்துக்கு மாற்றுவார். மாற்றும்போதே பேர் பிறந்துவிடும். மோப்பம் தனுஷ்கோடி. பொட்டுப்பேசின் தனுஷ்கோடி. இரண்டுமே எவ்வளவு சுலபமாக நாக்கில் வருகிறது, அருஞ்சுனைக்கு இதைவிட நல்லதாக வரும். 'பொட்டுப்பேசின் இல்லத் திருமண விழா' என்று பேனர், அதில் பிரதீபா படம். சொன்னால் பேனர் நாறும், சொல்லாவிட்டால் மண்டபம் நாறும். சொல்லாவிட்டால் மண்டபம், சொன்னால் பேனர். இதற்கா மனுஷனைப் பெத்துப் போட்டார்கள்?

"ஏப்பா தனுஷ்கோடி! காப்பி ஆறுது, வா" என்று மாடிப்படியில் இருந்து அண்ணாச்சி குரல். காப்பி என்று காதில் விழுந்ததும் அடிவயிறு ஒரு துள்ளு துள்ளியது. இனி யோசிக்க நேரமில்லை, துடைத்துவிட்டுப் போய்விடவேண்டியதுதான் என்று கைக்குட்டையை எடுத்தார். எடுத்த கை பாதியில் நின்றது. பொட்டை அழிக்கிறதா? தை மாசம் பெண்ணுக்குத் தாலி ஏறப்போகிறது, பெத்த அப்பன் பொட்டை அழிப்பதா, அதுவும் கல்யாண மண்டபத்தில் நின்று? முட்டை தின்றவன், ராகுகாலத்தில் அட்வான்ஸ் கொடுத்தவன், எல்லாம் வாஸ்தவம், ஆனாலும் பிள்ளை விஷயத்தில் விளையாட முடியுமா? பவுன்தாய்க்குத் தெரிந்தால் உலக்கையைத் தூக்கிக்கொண்டு வருவாள். காலை மாற்றிக் காலை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவருக்கு எங்கே இருந்துதான் வந்ததோ அந்த யோசனை. குங்குமத்தை அழித்தால்தானே பாவம்? எடுத்து வைத்துக்கொண்டால்? கோயில் தூணில் கொட்டிக் கிடப்பதை நாலு விரலால் எடுத்து நெற்றியில் இழுத்துக்கொண்டு போவதில்லையா? அது பக்தியில் அல்லவா சேர்த்தி. அசிங்கம் இல்லையா என்று மனசு ஒரு தடவை கேட்டது. என்ன அசிங்கம்? ஒரு சொட்டு விழுந்திருக்குமா இதில்? இந்த ஊரிலேயே சுத்தமான பீங்கான் இதுதான், அதற்குச் சாட்சி சொல்ல இவரைவிட்டால் ஆள் கிடையாது. முதல் பேசின் சந்தனமும் குங்குமமும் நெற்றிக்கு வந்தது. இரண்டாவதும் வந்தது. மூணாவதுக்கு நெற்றியில் இடமில்லை, அதையும் இதையும் சுரண்டிச் சேர்த்து, நல்ல நேரம் பார்க்கக் காலையில் கிழித்துப் பையில் வைத்திருந்த காலண்டர் தாளில், கோயில் பிரசாதத்தை மடிக்கிற வழக்கம்போல மடித்துக்கொண்டார். இப்போது பேசின் வெறும் பேசின். தனுஷ்கோடி நின்றார். ஆகா. ஆகாகா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எவன் பக்கத்தில் வந்து நின்றாலும் இனி நிற்காது, கலெக்டரே வந்து நின்றாலும் நிற்காது என்பதுபோல் அது போய்க்கொண்டே இருந்தது. முடிந்ததும் பழக்கதோஷத்தில் குனிந்து, கண்ணை மூடி, மோந்து பார்த்தார். நாற்றம் இல்லை. ஒரு ஆள் போனால் எண்ணெய்ப் பேசின் நாறாது. இந்த விஷயத்தில் அவருக்கு உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

கை கழுவிவிட்டு, பொட்டலத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு மாடி ஏறினார். குங்குமத்தைக் குப்பையில் போட முடியுமா, நீங்களே சொல்லுங்கள். மணப்பெண் அறையில் கமிட்டி மொத்தமும் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தது. மூலையில் அருஞ்சுனை. "அடடே, நெத்தியப் பாரு! கோயிலுக்குப் போயிட்டுத்தான் வாரியா, அதான் இம்புட்டு நேரமா? நல்ல காரியம் பேசுறப்ப இதுதான் முறை" என்று வீரபுத்திரன் அண்ணாச்சி எழுந்து, பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமல்கொள்ளாமல் கையில் இருந்து வாங்கிப் பிரித்தார். "அண்ணாச்சி, அது வந்து..." என்றார் தனுஷ்கோடி. "இருப்பா, பிரசாதத்த மொதல்ல வாங்கிக்கிடுவோம், பேச்சு எங்க போகுது" என்று கண்ணை மூடி, ஒரு சிட்டிகை எடுத்து, முருகா என்று நெற்றியில் வைத்துக்கொண்டு பக்கத்துக்குத் தள்ளினார். பிரசாதம் போகிற வேகத்துக்கு எவன் ஈடு கொடுக்க முடியும்? செயலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு எடுத்தார். பொருளாளர் கண்ணாடியில் பார்த்து நடுவாக வைத்துக்கொண்டார். ஒவ்வொருத்தர் கையையும் தடுக்கத் தனுஷ்கோடி கையை நீட்டினார், ஒவ்வொருத்தரும் 'நீங்கதான் வச்சிருக்கீங்கள்ல' என்றார்கள். கடைசியில் அருஞ்சுனை வெற்றிலைக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தாளில் மிச்சம் இருந்ததை வழித்தெடுத்து, புருவத்தில் இருந்து முடி வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டுக்கொண்டார். அதற்கப்புறம்தான் அண்ணாச்சி கேட்டார்: "எந்தக் கோயிலு தனுஷ்கோடி?"

எந்தக் கோயில் என்றால் என்ன, ஊரைச் சுற்றிக் கோயிலுக்கா பஞ்சம்? பிள்ளையார் கோயில், மாரியம்மன் கோயில், எது வேண்டுமானாலும் சொல்லலாம், நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. அதே மூச்சில் எண்ணெய்ப் பேசின் என்றும் சொல்லிவிட்டால் காப்பி ஆறுவதற்குள் கூட்டம் கலைந்துவிடும். தை மாசம் வரைக்கும் நிம்மதி. தை மாசம்? முகூர்த்த நேரம், மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிற பிரதீபாவின் மாமியார். வயிறு காலியாக இருந்ததோ என்னமோ, பயமும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. பேர் விழுந்தால் என் மேல் விழட்டும், நாற்றம் பிள்ளை கல்யாணத்தில் விழ வேண்டாம் என்று தனுஷ்கோடி வாயைத் திறந்தார். "கோயில் இல்ல அண்ணாச்சி. நம்ம மண்டபம்தான். ஆம்பளைக பக்கம், கடைசி மூணு பேசின். ஆயுத பூசைக்கு நீங்க வச்ச பொட்டு, நான்தான் தட்டப் பிடிச்சேன். அதப் பாத்துப்பிட்டு இதுவரைக்கும் ஒரு பய அதுல போகல. அதான் நாறல. நான் சொன்ன மார்க்கெல்லாம் பொய் மார்க்கு. எது நல்ல பேசின்னு எனக்குத் தெரியாது. தெரியாம வாங்கக் கூடாது."

அண்ணாச்சியின் கை மெதுவாக நெற்றிப் பக்கம் போய், அழிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் காற்றிலேயே நின்றது. "நானும் ஒரு நாள் போனேன்ப்பா, மனசு வரல, வந்துட்டேன்" என்றார் ரொம்பச் சின்னக் குரலில். "நான் மட்டுந்தான்னு நினைச்சேன்" என்றார் செயலாளர். பொருளாளர் தலையைக் குனிந்துகொண்டார். தனுஷ்கோடி அவர்கள் யாரையும் பார்க்கவில்லை, மூலையைத்தான் பார்த்தார். அருஞ்சுனை வெற்றிலையை ஒரு கன்னத்தில் இருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். வாயைத் திறந்தார். எதிரே கண்ணாடி, ஸ்டிக்கர் பொட்டுகளுக்கு நடுவில் அவர் முகம், அதில் அந்த நீளமான இழுப்பு, அறையிலேயே பெரியது. திறந்த வாயை மூடிக்கொண்டார். "அப்ப கீழ போய் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்றார் தனுஷ்கோடி. "எண்ணெயில இப்ப ஒரு ஆள் போயிருக்கேன். தை வரைக்கும் எல்லாரும் மாத்தி மாத்திப் போனாத்தான் தெரியும்." காப்பி குடித்த கமிட்டி ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் எழுந்தது. நெற்றியில் பொட்டோடு, அண்ணாச்சி முன்னால் போக, வரிசையாகப் படியிறங்கினார்கள். அருஞ்சுனை மட்டும் பின்தங்கி, படி முனையில் தனுஷ்கோடியின் முழங்கையைப் பிடித்தார். "மச்சான்," என்றார், இது நாள் வரைக்கும் இல்லாத உறவு. "இந்த நெத்தி விசயம் வெளிய போக வேணாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லிராத. என்ன?"

தனுஷ்கோடிக்குத் தலை தானாக ஆடப் பார்த்தது. பிடித்து நிறுத்திக்கொண்டார்.

"பாப்போம்" என்றார்.